ராதைக்கு இன்னும் கண் வைக்கவில்லை

தெருவில் அவளைக் கண்ணுக்காரி என்றுதான் சொல்வார்கள். கண்ணனையும் ராதையையும் துணியில் எழுதி விற்கிற வீடு அவளுடையது. கோடு இழுப்பது புருஷன், வண்ணம் நிரப்புவது அவள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு நேர்கோடுகூட வராது. நீலம் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் ஒருநாள் அவர் விளையாட்டாகத் தூரிகையை நீட்டினார். பக்கவாட்டு முகத்தில் அவள் வைத்த ஒற்றைக் கண்ணைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. இருபத்திரண்டு வருடங்களாக ராதையின் கண் அவள் வேலைதான். மற்றதெல்லாம் முடிந்த பிறகே கண். அது வைக்காமல் படம் வாசல் தாண்டாது.

போன வாரம் ஒரு டீச்சர், அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கொடுக்கப் படம் கேட்டு வந்தார். சுவரில் இருந்ததைக் காட்டி, "இந்த ராதை பார்க்கிற பார்வை இருக்கே, யார் வரைஞ்சது?" என்றார்.

"எல்லாம் நம்ம கைதாங்க," என்றார் புருஷன்.

அடுப்படியில் இருந்தவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து வாய்ப்பூட்டு. சோறு வரும், டீ வரும், பேச்சு வராது.

இன்று சாயங்காலம் டீச்சர் வருகிறார். ராதை கண்ணில்லாமல் நிற்கிறாள். புருஷன் பழைய துணியில் நாலைந்து கண் போட்டுப் பார்த்தார். எல்லாம் திருட்டு முழி.

கடைசியில் படத்திடம் பேசினார். "ராதாம்மா, உனக்குக் கண்ணு வைக்கிறவங்களுக்கு இன்னும் கோவம் தீரலை போல."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் படத்தில் ராதைக்குப் பக்கத்திலிருந்த கண்ணனிடம் சொன்னாள். "எல்லாம் தன் கைன்னு சொன்னவருக்கு ஒரு கண்ணு வைக்கத் தெரியாதாமா, கண்ணா?"

"வாய் தவறி வந்துடுச்சுன்னு சொல்லு ராதாம்மா."

"தவறின வாய் ஒரு வாரமா எங்க போச்சுன்னு கேளு கண்ணா."

சிரிப்பு வந்தது. உதட்டை மடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. ஆனால் அது அந்த டீச்சர் காதில் விழவேண்டும்.

டீச்சர் வந்தார். "என்னங்க, கண்ணைக் காணோம்?"

புருஷன் கழுத்தைச் சொறிந்தார். "நமக்கு வராதுங்க. ராதைக்கு எப்பவும் இவதான் வைப்பா. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு, நடுவில் ஒரு பொட்டு. ராதை கண்ணனைப் பார்த்துவிட்டாள்.

டீச்சர் குனிந்தார். "கொஞ்சம் முறைக்கிற மாதிரி இருக்கே?"

"முறைக்கலீங்க. அவன் இன்னும் ஏதாவது சொல்றானான்னு பாக்கிறா," என்றாள் அவள்.

புருஷன் அவசரமாகப் படத்தைச் சுருட்டப் போனார்.

"ஈரம் காயட்டும், விடுங்க," என்றாள், நேராக அவரிடமே.