ஐந்து பேராக வந்த வசந்தி

வசந்தி போய்விட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னார். கனடாவின் மார்க்கம் நகரில் என் அலுவலக வாசலில் காரை நிறுத்திவிட்டு, எங்கள் நாடகங்களை மேடையேற்றும் மன்றத்தின் செயலாளரை அழைத்தேன்.

"எந்த வசந்தி?" என்றார்.

"வீட்டுக்காரரா வந்தவ. குடிவரவு அதிகாரியா வந்தவ. மாப்பிள்ளையின்ர தாயா..."

"உது எல்லாம் ஒராளோ?"

கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. ஒவ்வொரு முறையும் முன்வரிசையில் இருந்து சிரித்த மனிதர் அவர். அவரைப்போல, யாரென்று அறியாமலே வசந்தியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலவறையான பேஸ்மென்றுக்குள் நடக்கும் கலியாணப் பேச்சைப் பற்றிய நகைச்சுவை நாடகம் அது. நான் எழுதியது. பாத்திரங்கள் எட்டு, நடிகர்கள் நான்கு பேர். வசந்திக்கு மட்டும் ஐந்து வேடம்.

ஒருநாள் கடும் பனி. பெண்ணின் தகப்பனாக நடிக்கும் தேவன் பிறம்ரனிலிருந்து வரும் வழியில் மாட்டிக்கொண்டார். நிறுத்திவிடலாம் என்றேன்.

"சனம் பனிக்குள்ள வந்திருக்கு அண்ணை. அவற்ற வேசத்தையும் நானே செய்யிறன்" என்றார் வசந்தி.

தகப்பனும் மாப்பிள்ளையின் தாயும் சண்டை பிடிக்கும் காட்சியில் இருவரும் அவரே. சால்வை தோளில் இருந்தால் தகப்பன், தலையில் ஏறினால் தாய். தன்னைத் தானே திட்டி, தானே கோபித்துக்கொண்டு வெளியேறினார். சபை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது.

முடிவில் மணமக்களாக நடித்த இருவருக்கும் கேடயம் கொடுத்தார்கள். வேடம் கலைத்து ஓரமாக நின்ற வசந்தியிடம் பிரதம விருந்தினர், "தங்கச்சி, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று தன் கோட்டைக் கொடுத்தார். படமெடுத்து முடியும்வரை வசந்தி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மேடைக்குப் போய் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

காரில் மட்டும் பொரிந்து தள்ளினேன்.

"என்னை அடையாளம் தெரியேல்லை எண்டா, என்ர வேலை சரி எண்டுதானே?" என்று சிரித்தார். வெக்ஸ்போர்ட்டில் தன் வீட்டடியில் இறங்கும்போது சிரிப்பு இல்லை. "எண்டாலும் எனக்கு ஒரே ஒரு ஆளை எழுதுங்கோ அண்ணை. முதல் காட்சியில வந்தா, கடைசி மட்டும் நான் அவவாவே இருக்கவேணும்."

"ஓம், எழுதுறன்" என்றேன்.

எழுதவில்லை. அடுத்த நாடகத்தில் நான்கு வேடம் கொடுத்தேன், அதற்கடுத்ததில் ஆறு. அவர் இருந்தால் வேறு ஆட்களைத் தேடத் தேவையில்லை என்ற சோம்பல்தான். யாரைத் திட்டினாலும் கடைசியில் அது என்னிடமே வந்து நிற்கிறது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடி வசந்தி கேட்டார்: "எனக்கு எழுதுறன் எண்ட அந்தப் பெம்பிளைக்குப் பேராவது வைச்சிட்டீங்களோ?"

அந்தக் கேள்விதான் என்னிடம் இருக்கிறது. நான் குனிந்துகொண்டு அவருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்ததும்.