நியூட்ரலில் இறங்கிய வண்டி

1. செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குப் போன பிறகு, பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து ஆணியில் தொங்கிய என் பேட்டரி வண்டியின் சாவியை எடுத்தார். அம்மாவிடம் கேட்கவில்லை. "எடுத்துட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னார்.

2. தன் பாத்தியில் விளைந்த லீக்ஸ் மூட்டைகள் பன்னிரண்டை வண்டியில் ஏற்றினார். ஒரு நடைக்கு ஆறுதான் ஏற்றலாம் என்று நான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

3. இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியை நியூட்ரலுக்கு மாற்றி, சாவியையும் அணைத்தார்.

4. இரண்டாவது வளைவில் மோட்டார் ஊளையிடத் தொடங்கியது. மூன்றாவது வளைவுக்குள் போகும்முன் உள்ளே எதுவோ உடைந்து சிதறியது. சத்தம் எங்கள் வீடு வரை கேட்டதாம்.

5. வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. மூட்டைகள் கீழே இருந்த தேயிலைச் செடிகளுக்குள் உருண்டன. பெரியப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

6. மூன்று மணிக்கு மரக்கறி லொறி வந்து நிற்கும் இடத்தில், எல்லோரும் கேட்கும்படி, "பொம்மக் காரு அது. பொம்பளப் புள்ள வயர் மாட்டுனா இப்பிடித்தான் இருக்கும்" என்றார்.

7. அன்று மாலை அம்மாவிடம், அடுத்த போகத்திலிருந்து எங்கள் பங்கான மேட்டுத் தோட்டத்தைத் தன்னிடம் விட்டுவிடச் சொன்னார்.

வரிசையில் ஏழாவதாக வந்தாலும் முதலில் இருந்தது அதுதான். அப்பா செத்த வருடத்திலிருந்தே அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கந்தப்பளைக்கு மேலே, தேயிலை முடிந்து மரக்கறித் தோட்டங்கள் தொடங்கும் சரிவில் எங்கள் நிலம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவும் பெரியப்பாவும் தேயிலைத் தொழிலாளர் லயத்தை விட்டு வெளியே வந்து, அந்தச் சரிவைச் சேர்ந்தே வெட்டிப் பாத்தி கட்டினார்கள். நடுவில் கல் வைத்து ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். ஆனால் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் ஒன்றுதான். மூத்தவர் என்று பெரியப்பா பெயரில் எழுதினார்கள். அப்பா இருந்தவரை அந்தக் கல் போதுமானதாக இருந்தது.

அப்பா போன பிறகு அம்மா தனியாகத் தோட்டம் செய்தார். மேலே விளைந்ததை வீதிக்குக் கொண்டுவர இரண்டு வழி. ஒன்று, கொழுந்துக் கூடை சுமந்த பழக்கத்தில் மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்குவது. மற்றது பெரியப்பாவின் லேண்ட் மாஸ்டர். கையால் பிடித்து ஓட்டும் அந்த இரண்டு சக்கர டிராக்டரின் பின்னால் அவர் ஒரு பெட்டி பூட்டியிருந்தார். சரிவில் இருந்த மற்ற ஏழு வீட்டாரும் அதைத்தான் வாடகைக்குப் பிடித்தார்கள். எங்கள் மூட்டையை அவர் கடைசியில்தான் ஏற்றுவார். பல நாட்களில் அது கீழே வரும்போது லொறி போயிருக்கும். அதே வாரத்தில் வீட்டு வாசலில் நின்று, "ஒத்தப் பொம்பள எதுக்குக் கஷ்டப்படணும்? எங்கிட்ட விட்டா வீட்டுக்கு வேண்டியதை நான் தரமாட்டேனா?" என்பார். அம்மா அவருக்கு நேரே நின்று பேசும் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து, "பாப்போங்க" என்பார். நான் பள்ளிக்கூடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு குரலையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் மின்சாரம் படித்தேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலையில் பயிற்சி எடுத்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே சாமான் இழுக்க இரண்டு பேட்டரி வண்டிகள் இருந்தன. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் தட்டையான பெட்டி. இரண்டும் ஓடாமல் சமையற்கட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தன. ஒன்றை நான் சரிசெய்து காட்டியபோது மேலாளர் சிரித்தார். அவருக்குப் புதிய வண்டிகள் வந்துவிட்டன. "கெனியன்ன நங்கி, மேக்க மெத்தன தியாகன்ன பே" என்றார் சிங்களத்தில். எடுத்துக்கொண்டு போ தங்கச்சி, இதை இங்கே வைத்திருக்க முடியாது என்று அர்த்தம். லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

வார நாட்களில் நான் வேலைக்குப் போனதால் அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஒரு அட்டையில் எழுதிச் சாவி தொங்கும் ஆணிக்கு மேலே ஒட்டினேன்: ஆறு மூட்டைக்கு மேல் வேண்டாம். பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மழையில் சார்ஜ் போட வேண்டாம். இறங்கும்போது சாவியை அணைக்க வேண்டாம்.

கடைசி விதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் மலையில் லொறிக்காரர், லேண்ட் மாஸ்டர்காரர் எல்லோரும் இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். டீசல் எண்ணெய் மிச்சம். அப்படி ஓசையில்லாமல் வளைவு வளைவாக இறங்குகிறவரைத்தான் நல்ல டிரைவர் என்பார்கள். அந்தப் பேட்டரி வண்டி வேறு மாதிரி. சாவி போட்டிருந்தால், இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்த இழுப்பில் பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்டும் திரும்பிப் போகும். சாவியை அணைத்தால் பிடிப்பு போய்விடும். ஆனால் நியூட்ரலில் போட்டாலும் சக்கரமும் மோட்டாரும் கழலாது. சக்கரம் எவ்வளவு வேகமோ, அதைவிடப் பல மடங்கு வேகத்தில் மோட்டார் சுற்றியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை மோட்டாரைக் கழற்றினேன். அதிகச் சுமையால் எரிந்த மோட்டாரை எனக்குத் தெரியும். கம்பி கறுத்து, பூச்சு கருகி நாறும். இதில் கருகல் இல்லை. செப்புத் துண்டுகள் வளையத்திலிருந்து பிய்ந்து எழும்பியிருந்தன. கம்பிகள் வெளிப்பக்கமாக விரிந்து கிடந்தன. வேகம் தாங்காமல் சிதறிய மோட்டார் அது. பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

"எறக்கத்துல சாவிய ஆஃப் பண்ணீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அட்டையில எழுதியிருக்கேனே."

"முப்பது வருசமா இந்த மலையில அப்பிடித்தான் எறங்குறேன். எண்ணெயக் கொட்டிக்கிட்டே எறங்க நான் என்ன தொரையா?"

"இதுல எண்ணெய் இல்லைங்க பெரியப்பா."

"அப்ப கரண்டு மிச்சம். போங்க, எஞ்சினியரம்மா. போய் அம்மாவ மூட்ட தூக்கச் சொல்லுங்க."

பெரியம்மா உள்ளே இருந்து சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து வேலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதினேன். மோட்டார். வாடகை ஆட்கள். கையெழுத்து. அந்த மூன்றையும் முடிக்கும்வரை அவரிடம் குரலை உயர்த்துவதில்லை என்று தீர்மானித்தேன்.

ஹோட்டலில் மிச்சமிருந்த இரண்டாவது வண்டியிலிருந்து செப்பு வளையத்தை எடுத்தேன். கம்பியை நானே சுற்றினேன். பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்தக் காலத்தில் அம்மா தலையில் சுமந்தார், முடியாத நாட்களில் லேண்ட் மாஸ்டருக்குக் காத்திருந்தார். நாலு தடவை எங்கள் மூட்டைகள் லொறியைத் தவறவிட்டன. ஒவ்வொரு தடவையும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "விட்டுறலாமாடி?" என்று கேட்டார். நான் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். சுற்றும்போது பெரியப்பாவின் முகத்தை நினைத்துக்கொள்வேன். சுற்று பிசகாமல் வந்தது.

வண்டி மறுபடியும் ஓடத் தொடங்கியதும் மற்ற வீடுகளிடம் சொன்னேன். எண்ணெய்ச் செலவு இல்லாததால் வாடகை லேண்ட் மாஸ்டரில் பாதிதான். தோட்டத்து மேட்டில் ஒரு பலகை வைத்தேன். யார் முதலில் மூட்டை கட்டுகிறார்களோ அவர்கள் வீட்டு இலக்கத்தைச் சோக்கால் எழுத வேண்டும். அந்த வரிசைப்படிதான் இறக்குவோம். முதல் வாரம் இரண்டு வீட்டார் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் ஏழு வீட்டாரும் வந்துவிட்டார்கள். அம்மா செருப்பில்லாத காலோடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுவார். வளைவில் ஹோர்ன் அடிக்க அவருக்கு வெட்கம். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று வாயால் சொல்லிக்கொண்டே இறங்குவார்.

லொறி நிற்கும் இடத்தில் மூட்டை தூக்குகிறவர் ஒரு நாள் கேட்டார். "என்னா மாமா, லேண்ட் மாஸ்டருக்கு லீவா?"

பெரியப்பா வெற்றிலையைத் துப்பினார். "பேட்டரி எறங்கட்டும். எல்லாரும் எங்கிட்டத்தான் வருவீங்க."

"பேட்டரி எறங்குனா ஏத்திக்கலாம்" என்றார் அடுத்த வீட்டு அக்கா. "நீங்க போன வருசம் எறக்குன உருளக்கெழங்கு இன்னும் லொறிக்கு வரல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பை வீடு வரை கொண்டுபோனேன்.

மழைக்காலத்தில் லேண்ட் மாஸ்டரின் எஞ்சின் உடைந்தது. சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், சில வாரமாகும் என்று அட்டனிலிருந்து வந்த மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பாவின் பாத்தியில் லீக்ஸ் முற்றி நின்றது. பௌர்ணமிப் போயா நாள், எனக்கு விடுமுறை, வண்டியை நான்தான் ஓட்டினேன். அவர் முதலில் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் இருந்து, "வண்டி மகளோடதுங்க. அவகிட்டயே கேளுங்க" என்றார்.

மேட்டுக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"பதினாலு மூட்ட கெடக்கு, மக. மூணு நட வரும்."

"பலகையில இலக்கத்த எழுதுங்க பெரியப்பா."

"எனக்குமா?"

"எல்லாருக்கும்தாங்க."

எழுதினார். எங்கள் வீட்டோடு எட்டு வீடு அன்று மூட்டை கட்டியிருந்தது. அவர் ஒன்பதாவது. எட்டாவது வீட்டு மூட்டையை இறக்கியபோது இரண்டே கால் மணி. இரண்டு நடைக்கு நேரம் இருந்தது. மீட்டரைப் பார்த்தேன், அதற்குக் கரண்டும் இருந்தது. வண்டியை வீதியோரம் நிறுத்திச் சாவியை எடுத்துப் பையில் போட்டேன். மேலே அவர் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. மூன்று மணிக்கு லொறி வந்தது, ஏற்றியது, போனது. அடுத்த லொறி இரண்டு நாள் கழித்து. ஈரத்தோடு கட்டிய லீக்ஸ் சாக்குக்குள் சூடேறி மஞ்சளாகிவிடும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "அந்தச் செடி ஒனக்கு என்னாடி பண்ணுச்சு?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல."

"கேக்குறதுன்னா அவரு மொகத்தப் பாத்துக் கேளு. வண்டிய நிறுத்திட்டுப் பேசாம நிக்கிறது அவரு செய்ற வேல."

அதுதான் எனக்கு வலித்தது. மறுநாள் காலை, வேலைக்குப் போகும் பஸ் வருவதற்கு முன்னால், அவர் வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நேற்று கரண்ட் இருந்தது, நேரமும் இருந்தது, நான் வேண்டுமென்றுதான் வரவில்லை. பாத்தியில் மிச்சம் நிற்பதை முதல் ஆளாக இறக்கித் தருகிறேன். அதற்கு முன்னால் கிராம சேவகரிடம் வந்து, கல்லுக்கு மேலே உள்ள பாதி அப்பாவுடையது, இனி அம்மாவுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பெரியம்மா வெளியே வந்து நின்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"தம்பி பொண்டாட்டி நெலத்த நான் தின்னுடுவேன்னு நெனைக்கிறியா?"

"ஆமாங்க."

"ஒங்கப்பன் இருந்தா இப்பிடிப் பேசுவியா?"

"அப்பா இருந்தா நீங்க கேட்டிருக்க மாட்டீங்க."

வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டார். கிராம சேவகர் என்ன விஷயம் என்று விசாரித்தபோது, நான் ஒன்றும் சொல்வதற்குள் பெரியப்பாவே ஆரம்பித்தார். "ஒண்ணுமில்லைங்க. புள்ளையோட வண்டிய நியூட்ரல்ல எறக்கிட்டேன். எல்லாரும் அப்பிடித்தானே எறங்குறோம்?" கிராம சேவகரும் தலையாட்டிச் சிரித்தார். அவரும் மோட்டார் சைக்கிளை அப்படித்தான் இறக்குகிறாராம். நான் எதிர்பார்த்த மன்னிப்பு அந்த அறையில் வரவில்லை. தான் செய்தது தவறு என்று பெரியப்பாவுக்கு இன்றுவரை தெரியாது என்று நினைக்கிறேன். அதனால் என் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

சொன்னபடி மறுநாளும் லீவு போட்டு அவர் மூட்டைகளை முதலில் இறக்கினேன். வண்டியில் என் பக்கத்தில் உட்கார இடம் இருந்தது. அவரை நடந்து வரச் சொன்னேன்.

இப்போதைய நிலை இது. வண்டியில் இரண்டாவது தடவை வாங்கிய பேட்டரிகள் ஓடுகின்றன. மேட்டுத் தோட்டத்தில் அம்மா லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கிறார். கல்லுக்குப் பக்கத்தில் முள்கம்பி அடித்திருக்கிறேன். அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தின் ஒரு பிரதி அம்மாவின் பெட்டியிலும் இன்னொன்று என் கொப்பியிலும் இருக்கிறது. பெரியப்பா லேண்ட் மாஸ்டரை விற்றுவிட்டார். அவர் மூட்டைகளையும் நாங்கள்தான் இறக்குகிறோம். அவரோடு நான் பேசுவதில்லை.