நாற்பத்தொரு வால்வுகள்

சாவிக்காரி எங்கே என்று கேட்டால் அந்த ஊரில் யாரும் பூட்டுக் கடையைக் காட்டமாட்டார்கள். தன் தோள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தெருவின் ஓரமாகவே நடந்து போகிற ஒருத்தியைத்தான் காட்டுவார்கள். தடியின் மேல் முனையில் குறுக்குக் கம்பி, கீழ் முனையில் சதுரப் பள்ளம். சாலையோரக் குழிகளுக்குள் இருக்கும் தண்ணீர் வால்வுகளை அந்தச் சாவியை வைத்துத்தான் திருப்ப வேண்டும். அவள் திருப்பினால் தெருவுக்குத் தண்ணீர் வரும், இல்லாவிட்டால் இல்லை. இவ்வளவு அதிகாரம் கையில் இருந்தும், அவள் ஒருவரை நிமிர்ந்து பார்த்துப் பேசியதை ஊரில் யாரும் கண்டதில்லை.

ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோனது. கணவன் வெளிநாட்டு வேலைக்குப் போய், முதல் வருடம் கடிதம் போட்டான். இரண்டாம் வருடம் அதையும் நிறுத்திவிட்டான். அவள் தண்ணீர் அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்தாள்.

ஆறு வருடம் கழித்து ஆட்சி கவிழ்ந்தது. வால்வு திறப்பவர்கள் எல்லாரும் பழைய கட்சியின் சங்கத்துக்காரர்கள். ஒரே வாரத்தில் இருந்த இடம் தெரியாமல் போனார்கள். மூன்று நாள் ஊர் வறண்டு கிடந்தது. புதிதாக வந்த இன்ஜினியர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு முழித்தார். அதில் போடாத குழாய்கள் இருந்தன. போட்ட குழாய்கள் இல்லை. துடைப்பத்தோடு நின்றவள், அவரிடம் சொல்லாமல் கதவிடம் சொல்வதுபோல் சொன்னாள்:

"மில் தெரு வால்வு மருந்துக் கடைக்கு எதிர்ல இருக்குங்க. மேல தார் போட்டு மூடிட்டாங்க."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பாத்துக்கிட்டே இருந்தேங்க."

அப்படித்தான் சாவி அவள் கைக்கு வந்தது. முடிவெட்டும் கடையில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. "பொம்பளை கையில சாவியா? ஊரே குளிக்காம நாறப் போகுது பாரு" என்றார்கள். ஒரு மாதத்தில் அதே வாய்கள், "அவ எங்க தெருவைத் தாண்டிட்டாளா? அப்ப மணி ஆறரை" என்று சொல்ல ஆரம்பித்தன.

ஊரில் மொத்தம் நாற்பத்தொரு வால்வுகள். எதை எத்தனை சுற்று திருப்பினால் எந்தத் தெருவின் கடைசி வீடுவரை ஏறும் என்பது அவள் மனப்பாடம். திருப்பிய பிறகு சாவியின் குறுக்குக் கம்பியில் காதை ஒட்டி வைத்துக் கேட்பாள். தண்ணீர் ஓடும் சத்தம் இரும்பு வழியே ஏறி வரும். அது ஒரு சீராகக் கேட்டால்தான் அடுத்த குழிக்கு நடப்பாள்.

கிழக்குப் பக்கம் பள்ளம். மில் தொழிலாளிகளின் வரிசை வீடுகளும் பிரசவ ஆஸ்பத்திரியும் அங்கே. மேற்குப் பக்கம் மேடு. அரசாங்க வேலைக்காரர்களும் ஆளும் கட்சிக்காரர்களும் அங்கே. இவள் வீடும் தம்பி வீடும்கூட அங்கேதான். இரண்டுக்கும் தொட்டி ஒன்றே ஒன்று; இரவில் மோட்டார் போட்டு அதை நிரப்புவார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து திறந்திருந்தால் எல்லாம் பள்ளத்துக்கே இறங்கிவிடும். அதனால் காலையில் கிழக்குக்கு ஒரு மணி நேரம், அதை மூடிவிட்டு மேற்குக்கு ஒரு மணி நேரம்.

மில்லை வெளியாருக்கு விற்கப் போவதாகச் செய்தி வந்ததும் தொழிலாளிகள் சாலையை மறித்தார்கள். போலீஸ் சுட்டது, இரண்டு பேர் விழுந்தார்கள். மறுநாள் கட்சி ஜீப் ஒன்று எரிந்தது. அன்று சாயங்காலம் தம்பி வந்தான். அவன் இப்போது ஆளும் கட்சியின் ஊர்க் கமிட்டிச் செயலாளர். சட்டைப் பையில் இரண்டு பேனா.

"அக்கா, நாளையிலேருந்து கிழக்குப் பக்கம் திறக்காதே."

"குழாய் உடைஞ்சிருச்சா?"

"கமிட்டி முடிவு. அவங்களா வந்து கால்ல விழுறவரைக்கும் திறக்கக் கூடாது."

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அங்க பிரசவ ஆஸ்பத்திரி இருக்குடா."

"ஜீப்பைக் கொளுத்தினப்ப அவங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துச்சா?"

"சரி, எழுதிக் குடு."

"என்னது?"

"கிழக்கை மூடணும்னு எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் குடுக்கச் சொல்லு."

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவ, எங்கிட்டயே ஆர்டர் கேக்கறியா?"

"நீதான் நல்லா படிச்சவனாச்சே. எழுதறதுக்கு என்ன?"

காகிதம் வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். அந்த நாட்டில் ஆட்சி எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாறுகிற அன்று முதலில் தேடுவது கையெழுத்துகளைத்தான். மறுநாள் விடியலில் அவள் வழக்கம்போலக் கிழக்கைத் திறந்தாள், நேரம் ஆனதும் மூடினாள், மேற்குக்குப் போனாள்.

எட்டு மணிக்குத் தம்பி புயல் மாதிரி உள்ளே வந்தான். சமையலறைக் கதவோரம் சாய்ந்திருந்த சாவியை எடுத்தான். "நீ இனிமே வீட்டுல இரு. நான் பாத்துக்கறேன்."

"எந்த வால்வு எப்படின்னு கேட்டுட்டாவது போடா."

"குழாயை மூடறதுக்கு டிகிரியா வாங்கணும்?"

அவன் நேராகக் கிழக்கின் பெரிய வால்வுக்குப் போனான். எந்தக் குழாயையும் மூடுவதுபோல வலப்பக்கமாகத் திருப்பினான். அது சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. 'அடிப்பாவி, திருட்டுத்தனமா முழுசாத் திறந்தே வெச்சிருக்காளே' என்று பல்லைக் கடித்தபடி, நிற்கும்வரை திருப்பினான். பிறகு கமிட்டித் தலைவரிடம் போய், "அக்கா திறந்து வெச்சிருந்தா. நான் என் கையால மூடிட்டேன்" என்று மார்தட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை தம்பி மேற்கைத் திறந்தும் அங்கே ஒரு வீட்டிலும் ஒரு சொட்டு வரவில்லை. கிழக்கில் குழாய்கள் பீறிட்டன. குடம், அண்டா, தொட்டி எல்லாம் நிரம்பி, மீதி தெருவில் ஓடியது. அங்கே பிள்ளைகள் மழை வந்ததுபோலக் குதித்தார்கள்.

ஒன்பது மணிக்குத் தம்பியின் மனைவி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "அண்ணி, அவரைக் கமிட்டி ஆபீஸ்ல பிடிச்சு வெச்சிருக்காங்க. கிழக்குக்காரங்களோட சேர்ந்துக்கிட்டு வேணும்னே திறந்துவிட்டாராம். ஜீப்பைக் கொண்டாரச் சொல்லிட்டாங்க!"

ஜீப் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். போன மாதம் ரேஷன் கடை குமாஸ்தாவை அதில் ஏற்றினார்கள். அவர் மனைவி இன்றுவரை ஒவ்வோர் அலுவலக வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

சாவிக்காரி அடுப்பை அணைத்தாள். நேற்று ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். கேட்காமல் போகிறான், பட்டுத் தெரியட்டும் என்று ஒரு நொடி நினைத்ததும் உண்மைதான். செருப்புக்கூடப் போடாமல் நடந்தாள்.

கமிட்டி அறையில் சுவரில் நாட்டை ஆள்பவரின் படம் மாட்டியிருந்தது. அதைச் சுற்றி, அதைவிடப் பெரிய பழைய படம் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. இரண்டு ஆட்களுக்கு நடுவே தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் ஒரு பேனாவும் இல்லை. மூலையில் சாவி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவன் மூடத்தாங்க திருப்பினான். வந்து பாத்துட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க."

கமிட்டித் தலைவர் முன்னாள் சிமென்ட் வியாபாரி. கனத்த உடம்பு. என்ன நினைத்தாரோ, எழுந்து வந்தார். தம்பியையும் நடத்திக் கூட்டி வந்தார்கள். மேற்குத் தெருப் பெண்கள் காலி வாளிகளோடு பின்னாலேயே வந்து கிழக்கின் பெரிய வால்வுக் குழியைச் சுற்றிக்கொண்டார்கள். சாவிக்காரி முதலில் வால்வை அடியோடு மூடினாள். குறுக்குக் கம்பியில் தலைவரைக் காது வைக்கச் சொன்னாள்.

"ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

"மூடியிருக்குங்க. இப்ப நீங்க இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடுங்க."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எல்லாரையும்போல வலப்பக்கமாகத் திருப்பினார். அது லகுவாகச் சுழன்றது. பத்துச் சுற்றுக்கு மேல் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"இப்பக் கேளுங்க."

காது வைத்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். உள்ளே தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

கிழக்குக் குழாய்கள் எப்போதோ இருந்த ஓர் ஆட்சி ஒரு நாட்டிடம் கடன் வாங்கிப் போட்டவை. அதற்கு அடுத்து வந்த ஆட்சி அந்த நாட்டோடு சண்டை போட்டுக்கொண்டு, வேறொரு நாட்டிடம் கடன் வாங்கி மேற்குக்குப் போட்டது. முதல் நாட்டு வால்வுகள் இடப்பக்கம் திருப்பினால் மூடும். இரண்டாம் நாட்டு வால்வுகள் வலப்பக்கம் திருப்பினால் மூடும். திறப்பு விழாவில் பேசிய எவரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சாவிக்காரி இதைத் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் சொல்லி முடித்தாள். பின்வரிசையில் வாளியை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி குரல் கொடுத்தாள்:

"அப்ப தலைவரும் கிழக்குப் பக்கம் சேர்ந்துட்டாருன்னு சொல்லுங்க! ஜீப்புல இடம் இருக்கா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. தம்பியைப் பிடித்திருந்த ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைவரின் முகம் சிவந்து, கறுத்து, கடைசியில் அவரும் வேறு வழியில்லாமல் உதட்டைக் கோணி ஒரு சிரிப்புச் சிரித்தார். "விடுங்கடா அவனை" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"சரி, உனக்குத்தான் தெரியுமே. இதை மூடு. இனிமே திறக்காதே."

சிரிப்பு நின்றது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் கையை இப்போதுதான் விட்டிருந்தார்கள்; மறுபடி பிடிக்க நேரம் ஆகாது.

அவள் சாவியைப் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பி மூடினாள். காது வைத்துப் பார்த்தாள். பிறகு சாவியைப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"கிழக்குக்கு நேரம் தாண்டிருச்சு, மூடிட்டேங்க. நாளைக் காலையில நேரத்துக்குத் திறப்பேன். வேணாம்னா வேற ஆளைப் போடுங்க. நாப்பத்தொண்ணுல எது எந்தப் பக்கம்னு நானே சொல்லிக் குடுத்துடறேன். அவர் கத்துக்கிறவரைக்கும்தான், கொஞ்ச நாளு, மேற்குலயும் சிரமம்."

இவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை. பேசி முடித்ததும் காதுவரை சூடேறிப்போயிற்று.

"கொஞ்ச நாளா!" என்றாள் வாளிக்காரி. "காலையிலேருந்து பாத்திரம் கழுவலை. யாருக்குத் திறந்தா எங்களுக்கு என்ன, எங்களுக்குத் தண்ணி வரட்டும்!" மற்றப் பெண்கள் வாளிகளைத் தட்டினார்கள்.

நீட்டிய சாவியைத் தலைவர் வாங்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வேலையைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். திறக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. கூடாது என்றும் இரண்டாம் முறை சொல்லவில்லை. அவளுக்கு அது போதும்.

மறுபடி மோட்டார் போடச் சொல்லி, தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து, மத்தியானம் மேற்குக்குத் திறந்துவிட்டாள். தம்பி கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். "போய்ச் சாப்பிடு. அவ பயந்து போயிருக்கா" என்று அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் அவன் அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அது கோபமில்லை, வெட்கம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவளும் கூப்பிட்டு அனுப்பவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் கிழக்கு வால்வுக் குழிக்குப் போனாள். எதிரில் மருந்துக் கடை வாசலில் கமிட்டி ஆள் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் கொஞ்சம் நின்றாள். அவன் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிரித்துக்கொண்டான். அவள் குனிந்து, குழியின் மூடியை நகர்த்தி, வலப்பக்கமாகத் திருப்பத் தொடங்கினாள்.