கடைசிச் சொல்லிலிருந்து

என் அக்காவை ஊரில் லேபிள் அக்கா என்பார்கள். பாதிப் பேர் மரியாதையாகச் சொல்வார்கள், மீதிப் பேர் நக்கலாகச் சொல்வார்கள். அவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் கண்டுகொள்கிற ஆள் இல்லை. பெரிய கடைக்குள் அவள் நுழைந்தாலே மேலாளரின் முகம் சுண்டிப்போகும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பி, எறும்பு அளவில் அச்சடித்திருப்பதை ஊருக்கே கேட்கும்படி படிப்பாள். "இதுல சோள மாவுன்னு இருக்கு. என்ன சோளம்? விதையில கை வச்ச சோளமா, வைக்காத சோளமா? ஏன் எழுதல?" என்பாள். சுற்றி நிற்பவர்கள் தங்கள் கூடையில் கிடப்பதை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் அவள் போராட்டம். கல் எறிந்ததில்லை, கண்ணாடி உடைத்ததில்லை. வாய் மட்டும்தான், அது போதாதா?

இந்தக் கிறுக்கு அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல, வேலையில் ஒட்டிக்கொண்டது. குழந்தை உணவு செய்யும் கம்பெனி ஒன்றில் லேபிள் சரிபார்ப்பவளாக இருந்தாள். ஜன்னல் இல்லாத அறை, நடுவில் அடியிலிருந்து வெளிச்சம் வரும் ஒரு கண்ணாடி மேஜை. அச்சகத்திலிருந்து வரும் தாளை அதன்மேல் விரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். குழந்தைக்குக் கொடுக்கும் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் ஆபத்து.

அந்த அறையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, எதையும் கடைசிச் சொல்லிலிருந்துதான் படிப்பார்கள். முன்னாலிருந்து படித்தால் அடுத்து என்ன வரும் என்று மூளையே ஊகித்து வாக்கியத்தை முடித்துவிடும், கண் தூங்கிவிடும். பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு சொல்லும் தனியாக நின்று பதில் சொல்லியாக வேண்டும். இன்னொன்று, பிழையை யார் கோட்டைவிட்டாரோ அவரேதான் சிவப்பு மையில் அதை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்காக வேறு யாரும் அடிக்கக் கூடாது.

என் கல்யாணப் பத்திரிகையைக்கூட அச்சகத்தின் பெயரில் ஆரம்பித்துக் கீழிருந்து மேலாகப் படித்து, மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்தாள். மாப்பிள்ளையையும் அப்படியே கீழிருந்து மேலாகப் பார்த்திருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் காதுபடவே நான் சொல்வதுண்டு.

ஒரு நாள் மாதிரி டப்பா எடுக்கக் கிடங்குக்குப் போனவள், அங்கே அடுக்கியிருந்த மூட்டைகளின் மேல் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டாள். மரபணு மாற்றப்பட்ட சோளம் என்று மூட்டையில் தெளிவாக இருந்தது. டப்பாவின் லேபிளில் வெறும் சோள மாவு. நேரே கம்பெனி மேலாளரிடம் போனாள்.

"சோளம் சோளம்தானேம்மா? எழுதணும்னு சட்டம் இல்லையே" என்றார் அவர்.

"சட்டம் கேக்கல சார். பிள்ளைக்கு ஊட்டுறவ கேப்பா இல்ல?"

அது விஷம் என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் வெகுகாலம் சொல்லவில்லை. உள்ளே இருப்பதை வெளியே எழுது, வாங்குவதா வேண்டாமா என்று வாங்குகிறவள் முடிவு செய்யட்டும் என்பதுதான் அவள் கட்சி. அதிலேயே ஒற்றைக் காலில் நின்றாள். வேலை போயிற்று. வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். அவள் மட்டும், பல் பிடுங்கிக்கொண்டு வந்தவள் மாதிரி கன்னத்தில் கை வைத்தபடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒரு சங்கத்தில் சேர்ந்தாள். தையல் கடைக்கு மேலே ஓர் அறை, கீழே மெஷின் ஓடினால் மேலே நாற்காலி அதிரும். வருடக்கணக்கில் அங்கே உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினாள், மனு எழுதினாள், கடை கடையாக ஏறி இறங்கினாள். அவள் எழுதிய நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கும், ஆதாரம் இருக்கும், படிக்கத்தான் ஆள் இருக்காது. வாங்கிய கையோடு அதில் கடலையை மடிப்பார்கள்.

அப்போதுதான் சங்கத்தின் மேடைப் பேச்சாளர் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அவருக்கு இடிமுழக்கம் என்று பட்டப்பெயர், தொண்டை அப்படி. விளைச்சலிலிருந்து எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் முளைக்காத விதையை மலட்டு விதை என்று சொல்வதுண்டு, மரபணு மாற்றிய விதையையும் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லைப் பிடித்து, வயலிலிருந்து ஒரே தாவலில் பெண்ணின் வயிற்றுக்குள் குதித்துவிட்டார் மனிதர். நோட்டீஸின் கடைசியில் கொட்டை எழுத்தில் வந்தது அது: மலட்டு விதை உன் வயிற்றையும் மலடாக்கும்!

"இதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"ஆதாரம் கிடக்கட்டும்மா. ஜனங்க நின்னு படிக்கிறாங்களா இல்லையா, அதைப் பாருங்க."

நின்று படித்தார்கள். ஒட்டினார்கள், போனில் அனுப்பினார்கள், கூட்டத்துக்கு வந்தார்கள். கம்பெனியே முதல்முறையாகப் பயந்தது. சரிபார்த்து அச்சுக்கு அனுப்பியவள் என் அக்கா. ஒரு புள்ளிக்காகத் தாளைத் திருப்பி அனுப்பியவள் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டாள்.

அந்த நோட்டீஸ் என் வீட்டுக்குள்ளும் வந்தது.

எனக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, காரணம் என்னவென்று அவர்களுக்கே தெரியவில்லை. மலடி என்ற சொல்லை என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. எல்லோரும் முதுகுக்குப் பின்னால் பேசும் அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்கள். மாமியார் மார்க்கெட்டிலிருந்து அந்த நோட்டீஸை வாங்கி வந்து, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என் மூக்குக்கு நேரே நிற்கும்.

"உங்க அக்காவே போட்டிருக்காம்மா. நீ சின்ன வயசுல பாக்கெட் பாக்கெட்டா பிஸ்கெட் தின்னவதானே? அதான். உன் மேல தப்பில்ல" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. காரணம் கிடைத்துவிட்ட நிம்மதியில், பாசத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு எரிந்தது. சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பாசத்தோடு ஒருவர் உன் வயிறு கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால் என்ன செய்வது? அக்காவுடன் போனில் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, வேலை தலைக்கு மேல் இருந்தது.

கடைசியில் உணவு ஆணையம் விசாரணைக்கு நாள் குறித்தது. டப்பாவில் மரபணு மாற்றப்பட்டது என்ற ஒரு வரியை எழுத வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு முடிவு சொல்வார்கள். அக்காவின் இத்தனை வருட உழைப்பும் அந்த ஒரு நாளில் வந்து நின்றது.

முந்தின நாள் மாலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். மாமியார் கோவிலுக்கோ கடைக்கோ போயிருந்தார், வீட்டில் நாங்கள் இருவர்தான். அக்கா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, உப்பு டப்பாவை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அதில் லேபிளே கிடையாது.

"நாளைக்கு வரியா?" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா. வந்து முன்னாடி உக்காரு."

என் அக்கா வாழ்நாளில் சும்மா எதையும் சொன்னதில்லை. இடிமுழக்கம் காலையிலேயே என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "உங்க மனைவி ஒரு உயிருள்ள சாட்சி சார்" என்று ஆரம்பித்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது இவளை அனுப்பியிருக்கிறார்.

"என்னைக் காட்டப் போறியா?"

உப்பு டப்பா அவள் கையில் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஒரு தடவை காட்டினா போதும்ங்கிறாங்க. நீ பேசவே வேணாம். எழுதணும்னு உத்தரவு வந்துடும். எத்தனை பிள்ளைங்க..." என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. பிரிட்ஜிலிருந்து நோட்டீஸை உருவி அவள் மடியில் போட்டேன்.

"படி. உன் தொழில் எப்படியோ அப்படிப் படி. கடைசியிலேருந்து."

கண்ணாடியை இறக்கினாள். பழக்கம், கை தானாகவே கீழ் வரிக்குப் போயிற்று. முதலில் அச்சகத்தின் பெயர். அதன் பிறகு விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினாள்.

"மலடாக்கும். வயிற்றையும். உன்."

அதற்கு மேல் விரல் நகரவில்லை. அந்த 'உன்' மேலேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் திரும்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. எழுந்து, நோட்டீஸைப் பழையபடி கதவில் ஒட்டி, காந்தத்தை நேராக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அதனால்தான் மறுநாள் போனேன். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் இல்லாமல் என்னைப் பற்றிப் பேசுவதைவிட என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று போய் உட்கார்ந்தேன்.

நீண்ட கூடம், பச்சைத் துணி விரித்த மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஏசி குளிரில் கால் விறைத்தது. கம்பெனியின் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை, அப்படிப்பட்டவர்களைப் பார்த்தால்தான் பயம். அவர் நோட்டீஸை எடுத்தார்.

"இது உங்க நோட்டீஸ்தானேம்மா?"

"ஆமா."

"கடைசி வரியில 'உன் வயிற்றையும்'னு போட்டிருக்கீங்க. அந்த 'உன்' யாரும்மா? இத்தனை வருஷத்துல பாதிக்கப்பட்ட ஒரே ஒருத்தரைக் காட்டுங்க. நான் இப்பவே உக்காந்துடறேன்."

பக்கத்தில் இருந்த இடிமுழக்கம் குரலைத் தாழ்த்த முயன்றார். அவர் தாழ்த்தினாலும் பின்வரிசை வரை கேட்கும். "தங்கச்சியைக் காட்டுங்கம்மா. அதோ, உக்காந்திருக்காங்க." இரண்டு கேமராக்கள் என் பக்கம் திரும்பின. எனக்கு முன்னால் இருந்தவர்கள் தலையைத் திருப்பி முதலில் என் முகத்தையும், பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், என் வயிற்றையும் பார்த்தார்கள். நான் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அப்போது அக்கா திரும்பியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன், மறுபடி அவள் முகத்தில் விழித்திருக்கவே மாட்டேன்.

அக்கா திரும்பவில்லை.

"யாரும் இல்ல. அந்த வரி பொய். ஆதாரம் இல்லன்னு தெரிஞ்சே நான் விட்ட வரி" என்றாள்.

கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். வக்கீல் கையிலிருந்த நோட்டீஸையே வாங்கி, கடைசி வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு ஆணையத் தலைவரிடம் நீட்டினாள். சங்கத்து ஆட்கள் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல். "உங்களுக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று இடிமுழக்கம் மைக்கிலேயே கேட்டார்.

"ஒரு வரி பொய்னா, மத்த வரியை மட்டும் எப்படி நம்புறதும்மா?" என்றார் வக்கீல், இன்னும் மென்மையாக.

"ஒவ்வொண்ணா கேளுங்க, சொல்றேன். டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு வெளிய எழுதச் சொல்றேன். அதுல எது பொய்?"

வக்கீல் தன் காகிதங்களை அடுக்கிக் கட்டினார். பதில் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. முடிவு, கூடுதல் ஆய்வுக்குப் பிறகு பார்க்கலாம் என்று வந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சங்கம் அக்காவைக் கை கழுவியது. டப்பாவில் இன்றைக்கும் வெறும் சோள மாவுதான்.

நோட்டீஸ் மட்டும் போகவில்லை. "உங்க அக்கா கம்பெனிக்கு வெல போயிட்டாளாமே, டிவியில சொல்றாங்க" என்று மாமியார் வருத்தப்பட்டார். அதை வைத்த இடத்திலேயே வைத்திருந்தார். கிழித்தெறிய என் கை எத்தனையோ முறை போயிருக்கிறது. ஆனால் நான் கிழித்தால், பாவம், உண்மை பொறுக்கவில்லை என்று ஆகிவிடும். அடிக்க வேண்டியவள் நான் இல்லை.

அக்கா அலைந்தாள். தான் நோட்டீஸ் கொடுத்த கடைகள், ஒட்டிய சுவர்கள், பஸ் நிழற்குடைகள் என்று ஒவ்வொரு இடமாகப் போய்ச் சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். சிலர் சிரித்தார்கள். ஒரு கடைக்காரர், "உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று கேட்டாராம். "இதான் பொழப்பு" என்றாளாம்.

அப்படியே ஒரு பகலில் என் வீட்டுக்கும் வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, நேரே பிரிட்ஜிடம் போனாள். மாமியார் மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். காகிதம் நகராமல் இடது கையால் அழுத்திக்கொண்டு, அக்கா கடைசி வரியின் மேல் கோடு போட்டாள். ஒவ்வொரு சொல்லாக, பின்னாலிருந்து. 'உன்' மேல் மட்டும் இரண்டு தடவை. பிறகு கையெழுத்து.

"யாரு அடிக்கச் சொன்னது? கம்பெனிக்காரனா?" என்றார் மாமியார், கத்தியைக் கீழே வைக்காமல்.

"இல்லம்மா."

அக்கா திரும்பினாள். அன்று விசாரணைக் கூடம் நிறையப் பேர் காத்திருந்தும் என் பக்கம் நீளாத கை இப்போது நீண்டது. பேனாவோடு என்னைக் காட்டினாள்.

"இவ சொன்னா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார், அடித்த வரியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப காரணம் என்னம்மா?" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"தெரியல அத்தை. யாருக்கும் தெரியல."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து காந்தத்தை எடுத்து, நோட்டீஸை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிரிட்ஜைத் திறந்து பாலை வெளியே எடுத்தார்.

"உங்க அக்காவுக்கு டீயில சர்க்கரை போடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.