பாலத்தில் இறங்குபவர்

கருவேப்பிலங்குறிச்சி போகும் மாலை பஸ்ஸில், பீங்கான் கம்பெனி வாசலில் ஏறுவார் அவர். புருவத்தில்கூட வெள்ளை மண் படிந்திருக்கும். கையை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் கம்பியைப் பிடிப்பார். இறங்க வேண்டியது பாலத்தில். ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டார். வேறு யாராவது அங்கே இறங்கினால் இறங்குவார். இல்லாவிட்டால் அடுத்த ஊர்வரை போய்த் திரும்பி நடப்பார்.

பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் கேட்டேன். "ஒரு குரல் குடுத்தா நிறுத்துவாங்களே?"

"என் ஒருத்தனுக்காவ இத்தினி பேரு நிக்கணுமேங்க," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாளிலிருந்து நானே கத்தினேன்: "பாலத்துல எறக்கம் இருக்குது!" இறங்கியதும் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அதற்காகவே ஜன்னலோரம் இடம் பிடிக்க ஆரம்பித்தேன். பஸ்ஸையே நிறுத்தத் தெரிந்த எனக்கு, அவர் பெயரைக் கேட்க வாய் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்றே மாதங்கள் போயின.

தை பிறந்ததிலிருந்து அவர் ஏறுவதில்லை. கம்பெனி வாசலில் விசாரிக்கலாம். யார் வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது?

நேற்று பாலம் வந்ததும் பழக்கத்தில் கத்திவிட்டேன். பஸ் நின்றது. "யாரும்மா எறங்குறது?" என்றார் கண்டக்டர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. நானே இறங்கி, என் ஊர்வரை நடந்தேன்.