கிரேன் அக்காவின் இறக்கை

பதினோரு வருஷம் அவள் வேலை செய்தது அறுபது மீட்டர் உயரத்தில். கட்டுமானத் தளத்து டவர் கிரேனின் உச்சியில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட சின்னக் கேபின்; இரண்டு கைக்கும் இரண்டு லீவர். கம்பிக் கட்டுகளையும் சிமெண்டுத் தொட்டிகளையும் எறும்பாய்த் தெரியும் ஆட்களுக்கு நடுவே பூப்போல இறக்கி வைப்பாள். தளத்தில் எல்லோருக்கும் அவள் கிரேன் அக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான்.

போன வருஷம் ஒரு காலை, ஏணியில் பாதி தூரம் ஏறும்போது உலகம் ராட்டினமாகச் சுழன்றது. கம்பியைக் கட்டிப் பிடித்துக் கண்ணை மூடி நின்றவளை மூன்று பேர் சேர்ந்து இறக்கினார்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பில் கோளாறு என்றார் டாக்டர். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இனி உயரத்தில் வேலை கிடையாது. அண்ணாந்து பார்த்தால்கூடத் தலை கிறுகிறுக்கும்.

நிர்வாகம் அவளை ஸ்டோர் ரூமில் உட்கார்த்தியது. ஹெல்மெட் கொடுப்பது, கையுறை கொடுப்பது, கையெழுத்து வாங்குவது. ஜன்னலே இல்லாத அறை. லொடலொடவென்று பேசுகிறவள் இரண்டே மாதத்தில் ‘ம்’, ‘ஊஹூம்’ என்ற இரண்டு சொல்லுக்குள் சுருங்கிவிட்டாள்.

கணவர் தையல்காரர், வீட்டின் முன்னறைதான் கடை. “உன் ஸ்டோர்ல இருக்கற ஹெல்மெட்டெல்லாம் உன்னைவிட நல்லா பேசும் போலிருக்கே” என்று சீண்டிப் பார்த்தார். அதற்கும் ஒரு ‘ம்’தான் கிடைத்தது.

அப்போதுதான் சிக்னல்காரர் ஒரு நீளமான அட்டைப் பெட்டியோடு வந்தார். கீழே நின்று வயர்லெஸ்ஸில் “இடது, இன்னும் கொஞ்சம், போதும்” என்று சொல்லிச் சொல்லி அத்தனை வருஷமும் அவளுக்குக் கண்ணாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்களோடு மைதானத்துக்கு ஓடிவிடுவார்.

“அக்கா, இது ரெண்டு வருஷமா தூங்குது. உடம்பெல்லாம் முடிச்சிட்டேன். இறக்கைகிட்ட வந்ததும் பொறுமை போயிடுச்சு. உங்க கைக்குத்தான் ஒத்துவரும்.”

“அண்ணாந்தாலே விழுந்துடுவேன் தம்பி. எனக்கெதுக்கு விமானம்?”

“பறக்கவிடவா சொன்னேன்? முடிச்சுக் குடுங்க, போதும்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், பெட்டியைத் திறந்ததும் நிறுத்திக்கொண்டாள். பால்சா மரத்தில் செய்த இறக்கை ஒரு தட்டு வெற்றிலை கனம்கூட இல்லை. அதன் பின்விளிம்பில் பொருத்த வேண்டிய இரண்டு மெல்லிய பட்டைகள் தனியாக இருந்தன. ஐலரான் என்றார் சிக்னல்காரர். ஒன்று மேலே எழும்போது மற்றது கீழே மடங்கும். பட்டை எழுந்த பக்கமாக விமானம் சாய்ந்து திரும்பும். தீப்பெட்டி அளவு சர்வோ மோட்டார் ஒவ்வொன்றும் ஒரு கம்பியால் தன் பட்டையைத் தள்ளி இழுக்கும்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் கணவர் துணி வெட்டும் மேசையில் இடம் பிடித்தாள். இறக்கையின் விளிம்பிலும் பட்டையின் விளிம்பிலும் நேருக்கு நேர் பிளேடால் கீறி, தபால்தலையில் பாதி இருக்கும் கீல் துண்டுகளைச் செருகி, தண்ணீர் போன்ற பசையைச் சொட்டு விட வேண்டும். இடது பக்கம் சொன்னபடி கேட்டது. அந்தத் தெம்பில் வலது பக்கம் அவசரப்பட்டாள். கீல் ஒரு பக்கமாக உள்ளே நழுவியது தெரியவில்லை. உறுதியாக இருக்கட்டும் என்று இரண்டு சொட்டு அதிகமும் விட்டாள். காய்ந்ததும் சர்வோவை இயக்கிப் பார்த்தால், அது பல்வலிக்காரன்போல் முனகியதே தவிர பட்டை இம்மியும் அசையவில்லை.

“எதுக்கும் லாயக்கில்லாம போயிட்டேன்” என்று எழுந்துவிட்டாள்.

கணவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “நான் கால்சட்டைக்கு ரெண்டு இடது கால் வச்சுத் தச்ச ஆளு. கடைய மூடிட்டா போனேன்? பிரிச்சுத் திரும்பத் தச்சேன். உக்காரு.”

அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு. அவருக்கே கொஞ்சம் தூக்கிவாரிப்போட்டது.

புது பிளேடு எடுத்து ஒட்டிய கீல்களை அறுத்தாள். புதிய இடத்தில் கீறினாள். “குண்டூசி குத்தாம நான் துணியக்கூட தைக்க மாட்டேன்” என்று அவர் நீட்டிய ஊசிகளைக் கீல்களின் நட்டநடுவில் குத்தி வைத்தாள். இனி எந்தப் பக்கமும் நழுவாது. ஊசியை உருவிவிட்டு, எண்ணி மூன்றே சொட்டு. பசை காய்ந்ததும் விரலால் மேலும் கீழும் மெல்ல அசைத்தாள். கதவு திறப்பதுபோல் மடங்கியது. கீறியதில் இறக்கையின் மேலுறை கிழிந்த இடத்தில், பெட்டியில் இருந்த சிவப்புப் படலத்தை வைத்து அவர் இஸ்திரி போட்டுக் கொடுத்தார். “இத்தனை வயசுக்கு மேல விமானத்துக்கு அயர்ன் பண்றேன், எழுதி வச்சுக்கோ.”

சனிக்கிழமை சிக்னல்காரர் சரிபார்க்க வந்தார். விமானத்தின் வால் பக்கம் நின்றுகொண்டு, “இடது தள்ளுங்க” என்றார். தள்ளினாள். வலது பட்டை எழுந்தது.

“தலைகீழா இருக்குக்கா. நீங்க எங்க உக்காந்து பாத்தீங்க?”

“இதோ, மூக்குக்கு எதிர்ல.”

“அங்கதான் தப்பு. கேபினுக்குள்ள உக்காந்து பாருங்க.”

அவள் வால் பக்கம் வந்து கண்ணை மூடினாள். கண்ணாடிக் கேபின், இரண்டு கை, இரண்டு லீவர். ரிமோட்டில் திசை மாற்றும் சுவிட்சைத் தட்டிவிட்டு இடது தள்ளினாள். இடது பட்டை எழுந்தது, வலது இறங்கியது.

“தம்பி, இது தலைக்கு மேலதான் பறக்கணுமா? தள்ளி, தாழ்வா பறந்தா நான் அண்ணாந்து பாக்க வேணாமே?”

சிக்னல்காரர் அவளையே பார்த்தார். “பறக்கவிடலாம். கீழ நாற்காலி போட்டுக்குவோம்.”

மறுநாள் மைதானத்தில் கணவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிக்னல்காரர் விமானத்தை ஏற்றி, தூரத்து மரவரிசைக்கு மேலே நிலைப்படுத்திவிட்டு ரிமோட்டை அவள் மடியில் வைத்தார். முதல் திருப்பத்தில் விமானம் தடுமாறியது. இரண்டாவதில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. லீவர் பிடித்த பழக்கத்தைக் கைகள் மறக்கவே இல்லை. மூன்றாவது சுற்றில் காற்று அதைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டு வந்தது. நிமிர்ந்தாள். உலகம் மறுபடி சுழன்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“வாங்கிக்கவா அக்கா?”

“வேணாம். நீ சொல்லு.”

“இடது. இன்னும் கொஞ்சம். போதும்.”

கண்ணைத் திறந்தபோது விமானம் பழையபடி மரங்களுக்கு மேலே, அவள் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் உயரத்தில், வெயிலில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. நான்கு நிமிஷம் ஓட்டினாள். சிக்னல்காரர்தான் தரையிறக்கினார், அவர் இறக்கியும் ஒரு சக்கரம் வளைந்தது. கணவரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கேட்டதற்கு, வெயில் என்றார்.

திங்கட்கிழமை அவள் மேனேஜரிடம் போய், ஸ்டோர் மேசையை வாசல் பக்கத்து ஷெட்டுக்கு மாற்றக் கேட்டாள். அங்கே பெரிய ஜன்னல் உண்டு. பத்து நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். மாதக் கடைசிக்குள் மைதானத்துக்காரர்கள் பாதியில் விட்ட இறக்கைகளை அவளிடம் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். தையல்கடை ஹேங்கரில் ரவிக்கைகளுக்கும் கால்சட்டைகளுக்கும் நடுவே ஒரு மஞ்சள் இறக்கை தொங்குவதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், இதுவும் ஆல்ட்டருக்கு வந்ததா என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றாள் அவள், பிளேடிலிருந்து கண்ணை எடுக்காமல். “வலது கை கொஞ்சம் டைட்டாம்.”