பிடி இல்லாத டப்பா

ஊரில் யாரைக் கேட்டாலும் 'டப்பா அக்கா' என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருடமாகத் தகரம் தட்டுகிறவள். மாவு டப்பா, ஆணி டப்பா, எதைச் செய்தாலும் மேலே ஆனை இழுத்தாலும் வராத பிடி ஒன்று இருக்கும். அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

அந்தப் பெருமையில்தான் போன வருடம் மண் விழுந்தது. மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போன தங்கை, சாப்பாட்டையெல்லாம் அக்காவின் டப்பாவில் போட்டு, கூடாரத்துக்கு நூறடி தள்ளி வைத்திருந்தாள். எல்லாம் முறைப்படிதான். கரடி வந்து பிடியைக் கவ்வித் தூக்கி, பாறையில் நாலு அடி அடித்தது. டப்பா வாயைப் பிளந்துவிட்டது. தங்கையும் தோழிகளும் இரண்டு நாள் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

"உன்னை நம்பிப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்றாள் தங்கை. அதோடு காட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மலை என்றால் உயிரை விடுகிறவள், லீவு நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை; கரடியால் திறக்க முடியாத டப்பா ஒன்று செய்தே தீருவது என்று இறங்கினாள்.

கரடிக்கு அசையாத டப்பா என்று பேர் வாங்க வேண்டுமானால், மிருகக்காட்சிசாலையில் நடக்கும் சோதனையில் அங்குள்ள கரடியிடம் அது ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். தகரத்தைத் தடிமனாக்கிக் கொண்டுபோனாள், மண்ணைக் கவ்வினாள். இரும்பில் செய்தாள், அதுவும் போச்சு. இரண்டாவது தடவைதான் கவனித்தாள்: கரடி முதலில் தேடியதே பிடியைத்தான்.

"அட மடச்சி! திருடனுக்குச் சாவியை நானே செஞ்சு குடுத்திருக்கேன்!"

புதுசு வழவழவென்று உருண்டையாக வந்தது. கரடி வாய்க்குள் அடங்காத பருமன். மூடி உள்ளே பதிந்திருந்தது, திருகாணியைக் காசு விளிம்பால்தான் திருப்ப வேண்டும். பிடி இல்லை.

"பிடி இல்லாம ஒரு டப்பாவா? சிரிப்பாங்க," என்றார் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க. கரடி சிரிக்காம இருந்தா சரி."

சோதனைக்குத் தங்கையும் வந்தாள். "சும்மா வேடிக்கை பாக்க வந்தேன்," என்று முறுக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். உள்ளே தேனும் பிஸ்கட்டும். கரடி மோப்பம் பிடித்தது, பிடியைத் தேடியது, நகம் வழுக்கியது. கடித்தது, மேலே ஏறி நின்று குதித்தது, தண்ணீர்த் தொட்டிக்குள் உருட்டியது. ஆனால் பாச்சா பலிக்கவில்லை! ஐம்பதாவது நிமிடம் கரடி கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்துவிட்டது.

ஒரு மணி நேரம் ஆனதும் விசில் ஊதினார்கள். கரடியைக் கூண்டில் அடைத்ததும் அக்கா காசால் திருகித் திறந்தாள். பிஸ்கட் ஈரம்கூடப் படாமல் இருந்தது. முதல் பிஸ்கட்டைத் தங்கைதான் எடுத்துக் கடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"சனிக்கிழமை மலைக்குப் போறேன்க்கா," என்று டப்பாவை அள்ளிக்கொண்டாள்.

"பிடி இல்லையேம்மா, எப்படித் தூக்குவ?" என்றார் கூட வந்திருந்த அக்கா புருஷன்.

"என் அக்கா செஞ்சது மாமா! தலைமேல வச்சுத் தூக்கிட்டுப் போவேன்."